மெதுவாக ஓடியதற்கான சான்றிதழ்

மாவட்டப் பள்ளி விளையாட்டு ஒழுங்குமுறைக் குழுவில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஓடத் தெரிந்தவர் எவரும் இல்லை. இதை யாராவது குறையாகச் சொன்னால் செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருத்துவர்கள் எல்லோரும் நோயாளிகளாக இருந்தாக வேண்டும் என்று எவரும் கேட்பதில்லையே என்று பொறுமையாக விளக்குவார். ஒவ்வோர் ஆண்டும் தொடக்க விழாவில் இதைச் சொல்வார். மேடையில் இருக்கும் மற்ற இருபத்திரண்டு பேரும் முதன்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

அந்த ஆண்டும் சிரித்து முடித்தார்கள். பிறகு பெண்களுக்கான எண்ணூறு மீட்டர் ஓட்டம் நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி இரண்டு நிமிடம் 13.6 விநாடியில் ஓடி முடித்தாள். பத்தொன்பது ஆண்டுகளாக அசையாமல் கிடந்த மாவட்டச் சாதனை இரண்டு நிமிடம் 21 விநாடி.

அவளை வீட்டில் தந்தி என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால், அனுப்பியவர் கதவைச் சாத்துவதற்குள் சாமானோடு வந்து நிற்பாளாம். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த அப்பா வைத்த பெயர் அது. தந்தி என்ற சங்கதியே ஒழிந்துபோனது, பெயர் ஒழியவில்லை. அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அன்றைய பந்தயமும் வேலை நாளில் வந்ததால், மகள் ஓடி அவள் பார்த்ததே கிடையாது.

கோட்டைத் தாண்டியதும் உடற்பயிற்சி ஆசிரியர் ஓடி வந்து கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு நிமிடம் 20 விநாடிக்குள் ஓடியவர்களை மாநிலப் போட்டிக்கு அனுப்பலாம். அந்தப் பள்ளியிலிருந்து அதுவரை மாநிலப் போட்டிக்குப் போனது, ஒரு தடவை தவறுதலாக அனுப்பப்பட்ட ஈட்டி மட்டும்தான்.

மறுநாள் இருவரும் படிவத்தை எடுத்துக்கொண்டு குழு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பதிவாளர் இருந்தார். முப்பத்தொரு வருடமாக நேரம் எடுத்துக் குறிப்பதுதான் அவருக்கு வேலை. சட்டைப்பையில் பேனாவும் கழுத்தில் நிறுத்துகடிகாரமும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. கெட்டவர் அல்ல. எழுதியது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் படிவத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்து ஏழாவது கட்டத்தில் நிறுத்தினார். 'முந்தைய சான்றளிக்கப்பட்ட நேரம்' என்று அதில் அச்சடித்திருந்தது. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

இதற்கு முன் யாரும் இவளுக்கு நேரம் எடுத்ததில்லை, இதுதான் முதல் பந்தயம் என்றார் ஆசிரியர். அப்படியென்றால் இது திடீர் நேரம் என்றார் பதிவாளர். முன்னால் ஒரு நேரம் இல்லாமல் வருகிற நேரத்துக்குக் குழுவின் விதிகளில் அந்தப் பெயர்தான். திடீர் நேரத்தை ஏற்பதற்கில்லை. ஏழாவது கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது.

“அப்ப இதுக்கு முன்னாடி நான் ஓடியிருக்கணுமா சார்?” என்று தந்தி கேட்டாள்.

“ஆமாம்மா. ஓடியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.”

ஆனாலும் குழு கல்நெஞ்சம் கொண்டதல்ல. இப்படிப்பட்டவர்களுக்காகவே 'பின்தேதியிட்ட தகுதி ஓட்டம்' என்று ஒன்று இருந்தது. இப்போது ஓடலாம், முன்பே ஓடியதாக வைத்துக்கொள்வார்கள். மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்ப இன்னும் நாலு வாரம் இருந்தது. ஆசிரியர் பதிவாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பதிவாளரும் இரண்டு உறுப்பினர்களும் மூன்று கடிகாரங்களோடு திடலுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தந்தி ஓடினாள். இரண்டு நிமிடம் 15 விநாடி. ஆசிரியர் கைதட்டினார். பதிவாளர் தலையை ஆட்டினார், ஆனால் ஆட்டிய திசை சரியில்லை. இந்த நேரத்துக்கும் முன்னால் வேறு நேரம் இல்லை. ஆகவே இதற்கும் ஏழாவது கட்டம் நிரம்ப வேண்டும். அதாவது முந்தைய நேரத்துக்கு ஒரு முந்தைய நேரம்.

இதற்கு முடிவே இல்லையா என்று ஆசிரியர் கேட்டார். இருக்கிறது என்றார் பதிவாளர். இரண்டு நிமிடம் 50 விநாடிக்கு மேலே போனால் அது தொடக்கநிலை ஓட்டம். தொடக்கநிலைக்கு முன்னால் ஒன்றும் கிடையாது, அதனால் அங்கே மட்டும் கேள்வி இல்லை.

அன்று மாலையிலிருந்து மாவட்டத்திலேயே வேகமாக ஓடும் பெண் மெதுவாக ஓடப் பயிற்சி எடுத்தாள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நடந்துவிட்டுப் போகலாமே என்று அவள் அப்பாவே சொன்னார். நடக்கக் கூடாது. இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டால் அது நடை, நடைக்குத் தனிக் குழு இருந்தது. ஓட வேண்டும், முழு முயற்சியோடு ஓட வேண்டும், மெதுவாக ஓட வேண்டும். முதல் நாள் 2:31. மறுநாள் 2:29. ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். இருபது வருடமாகப் பிள்ளைகளை வேகமா, வேகமா என்று கத்திய தொண்டை அவருடையது. இப்போது அதே தொண்டையால், “மெதுவாம்மா, கொஞ்சம் மெதுவா, உன் கால்ல விழறேன்” என்று வளைவுக்கு வளைவு கெஞ்சிக்கொண்டு ஓடினார். அவளைவிட அவருக்குத்தான் இரைத்தது.

“காலு கேக்க மாட்டேங்குது சார்” என்றாள் தந்தி.

வேதியியல் பாடத்தை நினைத்துக்கொண்டு ஓடச் சொன்னார். 2:38. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஓடச் சொன்னார். 2:44, தோளிலும் வலி வந்தது. அடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்ததில் முழங்காலுக்குப் பின்னால் நரம்பு இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் படி ஏற முடியவில்லை. அம்மா மருத்துவமனையிலிருந்து வெந்நீர்ப் பை கொண்டுவந்து காலில் வைத்தாள். வேகமாக ஓடி ஒரு நாளும் வலிக்காத கால் இது. மெதுவாக ஓடி வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதைவிட வேறொரு பயம் உள்ளே அரித்தது. இப்படியே பழகிவிட்டால் என்ன செய்வது? ஒரு நாள் காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடினாள், கால் தானாகவே குறுகிக் குறுகி விழுந்தது. பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் 2:52-இல் ஓடினாள். நாற்காலியில் இருந்த மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் வாழ்க்கையில் குழு அவளுக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அங்கேயே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். முத்திரை, மூன்று கையெழுத்து, ஓரத்தில் தங்க நிறக் கோடு. 'மேற்படி மாணவி எண்ணூறு மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 52 விநாடியில் ஓடும் திறன் உடையவர் என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' அவள் அதைக் கையில் வாங்கினாள். கிழித்துவிடக் கூடாதே என்பதற்காக உடனே ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாள்.

ஏழாவது கட்டம் நிரம்பியது. படிவம் பரிசீலனைக்குப் போனது. பரிசீலனைக்கு நாற்பது நாள் ஆகும். மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்ப ஏழு நாள்தான் இருந்தது. ஆனால் குழு யாரையும் கைவிடுவதில்லை. தந்தியின் பெயரை உரிய நாளில் அனுப்பிவைத்தது. நேரம் என்ற இடத்தில், அவள் பெயரில் கோப்பில் இருந்த ஒரே சான்றளிக்கப்பட்ட நேரத்தை எழுதி அனுப்பியது.

மாநில அலுவலகத்திலிருந்து மூன்றாம் நாளே பதில் வந்தது. 2:52 தகுதி நேரத்துக்கு மிகவும் கீழே இருப்பதால் ஏற்பதற்கில்லை. இனிமேல் இப்படிப்பட்ட பெயர்களை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அம்மா அன்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சலவைக்கூட மேலங்கியைக்கூடக் கழற்றாமல் குழு அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் பெண் ஓடினாளா, இல்லையா?

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாருங்கம்மா. ஓடறது யாரு வேணா ஓடலாம். நாய்கூட ஓடும், துரத்தினா நாமளும் ஓடுவோம். ஆனா ஓடினது ஓடினதா ஆகணும்னா, அதுக்கு ஒரு குழு வேணும். உங்க பொண்ணு ஓடுறாங்க. அதை நடந்ததா ஆக்குறது நாங்க.”

“அப்ப இன்னும் நடக்கலைங்கறீங்க.”

“நடந்துச்சு. பரிசீலனையில இருக்கு.”

அம்மா தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் இதைச் சொன்னபோது தந்தி காலணியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பகல் மூன்று மணிக்கு அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை.

நாற்பது நாள் ஆனது. பரிசீலனையில் குழு ஒரு வியப்பான செய்தியைக் கண்டுபிடித்தது. 2:52-இல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் 2:13.6-இல் ஓடியிருக்கிறாள். 38.4 விநாடி முன்னேற்றம். மாநிலத்தில் எந்த மாவட்டமும் ஒரே பருவத்தில் இப்படியொரு முன்னேற்றத்தைக் காட்டியதில்லை. குழு இதை உடனே மேலே எழுதியது. முன்னேற்றத்தைக் கணக்கிடுவதற்கு 2:13.6 செல்லும் என்றும், சாதனையாகப் பதிவதற்கு அது திடலில் அன்று காற்று எப்படி அடித்தது என்று தெரியும்வரை செல்லாது என்றும் தீர்மானம் போட்டார்கள். மாநில அலுவலகம் மகிழ்ந்துபோய், சிறந்த பயிற்சித் திட்டத்துக்கான கேடயத்தைச் செயலாளருக்கு அறிவித்தது.

பாராட்டு விழாவைத் திடலிலேயே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. பெற்றோர்களுக்கும் அழைப்பு வந்தது. அம்மா வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்தாள். தந்திக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கேடயம் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்கு அடியில் நிற்க வேண்டும். செயலாளர் பேசி முடித்ததும் மெல்ல நடந்து மேலே கொண்டுபோக வேண்டும். மெல்ல என்பதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள்.

மேடையில் இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள். பதிவாளரும் அவரோடு நேரம் எடுக்கும் இரண்டு உறுப்பினர்களும் கழுத்தில் கடிகாரம் மாட்டியிருந்தார்கள், படத்துக்கு அழகாக இருக்கும் என்பதற்காக. செயலாளர் மருத்துவர்–நோயாளி உவமையில் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்துத் தந்தியின் பக்கம் கை நீட்டினார்.

“இதோ நிற்கிறாரே இந்த மாணவி, இவரால் தனியாக எவ்வளவு ஓட முடிந்தது? இரண்டு நிமிடம் 52 விநாடி. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. இன்று அது இரண்டு நிமிடம் 13 ஆகியிருக்கிறது. அப்படியென்றால் இடையில் இருக்கும் முப்பத்தெட்டு விநாடி யாருடையது? அடக்கத்தோடு சொல்கிறேன், அந்த முப்பத்தெட்டு விநாடியை ஓடியது நாங்கள்!”

கைதட்டல் எழுந்தது. அவர் மேலும் பேசினார்.

தந்தி தட்டைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டையும் பூச்சட்டிக்குப் பக்கத்தில் புல்லின்மேல் பதமாக வைத்தாள். விழாவுக்கென்று போட்டுவந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மேடைக்குப் பின்னால் தெரிந்த சுண்ணாம்புக் கோட்டை நோக்கி நடந்தாள். அவள் திட்டம் எதுவும் போடவில்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள். எரிச்சல் மண்டைக்கு ஏறியது, வேறெங்கே போவது என்று தெரியவில்லை, ஓடினேன் என்றாள்.

மேடையின் ஓரத்தில் இருந்த பதிவாளர் ஒருவர்தான் அவள் கோட்டில் குனிவதைப் பார்த்தார். அவள் கிளம்பிய அதே கணம் அவர் கட்டைவிரல் கடிகாரத்தை அமுக்கியது. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம், அவரைக் கேட்காமலே அமுக்கியது. அவர் அமுக்கினால் தாங்களும் அமுக்குவது அந்த இரண்டு உறுப்பினர்களின் வேலை, அவர்களும் அமுக்கினார்கள்.

முதல் வளைவில் கால் இன்னும் குறுகித்தான் விழுந்தது. இரண்டாவது வளைவுக்குள் அது நீண்டுவிட்டது. மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார், பிறகு அவரும் திரும்பி எழுந்தார். ஒருவர் பின் ஒருவராக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டாவது சுற்றில் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஒலிபெருக்கிக்காரர் மட்டுமே. செயலாளர் நிறுத்தவில்லை. குழுவின் எதிர்காலத் திட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இடையில் பெரும் கைதட்டல் வந்தபோது நன்றி சொன்னார்.

கோட்டைத் தாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம் அம்மா வந்து சேர்ந்தாள்.

“இதையா மெதுவா ஓடச் சொன்னாங்க?” என்றாள்.

பத்தாம் நாள் பதிவுத் தபாலில் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. குழுவின் நிகழ்ச்சிக்கு இடையூறு செய்த குற்றம். அதற்கும் படிவம் இருந்தது, படிவத்தில் கட்டங்கள் இருந்தன, கட்டங்களை நிரப்பியது பதிவாளர். இடையூறு நடந்த இடம்: மாவட்டத் திடலின் முதல் ஓடுபாதை. இடையூறு செய்த விதம்: ஓடுதல். தூரம்: எண்ணூறு மீட்டர். இடையூறு நீடித்த நேரம்: 2 நிமிடம் 12.4 விநாடி. அளந்த விதம்: குழுவின் மூன்று கடிகாரங்கள். காற்று: இல்லை. கீழே முத்திரை, மூன்று கையெழுத்து.

ஆசிரியர் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரீடிங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே மீட்டர் தப்புன்னு சொல்ல முடியாது” என்றார்.

விளக்கம் கொடுக்க ஒரு வாரம் தந்திருந்தார்கள். தந்தி அன்றே எழுதினாள். மேற்படி நாளில், மேற்படி பாதையில், மேற்படி தூரத்தை மேற்படி நேரத்தில் ஓடியதை ஓர் எழுத்து விடாமல் ஒப்புக்கொள்வதாகவும், கடிதத்தில் கண்ட அளவுகள் அனைத்தும் சரி என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அதன் நகலோடு ஆசிரியர் ஒரு சாதனைப் படிவத்தையும் இணைத்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

குழு கூடியது. பதிவாளர் விதிப்புத்தகத்தைத் திறந்து, குழுவின் மூன்று கடிகாரங்கள் எடுத்து, குழுவின் ஏட்டில் ஏறி, ஓடியவரே ஒப்புக்கொண்ட நேரத்தை மறுக்க விதி இல்லை என்றார். அந்த நேரம் பொய் என்றால் இடையூறும் பொய். இடையூறு உண்மை என்றால் நேரமும் உண்மை. ஒன்றை அடித்தால் மற்றதும் அடிபடும்.

இரண்டு கூட்டம் விவாதித்தார்கள். தண்டனையைக் கைவிட்டுவிட்டால் சாதனையும் தானாகவே போய்விடும், பேசாமல் அப்படிச் செய்வோம் என்று ஓர் உறுப்பினர் சொல்லிப் பார்த்தார். செயலாளர் எழுந்து நின்றார்.

“சாதனை இன்று வரும், நாளை போகும். யார் வேண்டுமானாலும் சாதனை செய்துவிடலாம். ஆனால் தண்டனை கொடுக்க நம்மால் மட்டும்தான் முடியும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு நாம் இங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறோம்?”

இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. எண்ணூறு மீட்டரில் புதிய மாவட்டச் சாதனை 2 நிமிடம் 12.4 விநாடி என்று ஏட்டில் ஏறியது. அதே பக்கத்தில், அதே மையில், சாதனையாளருக்கு ஓராண்டு தடை என்றும் ஏறியது. அவள் பள்ளியில் இருக்கப்போவதே இன்னும் ஓராண்டுதான்.

மறு ஆண்டுப் பந்தயம் நடந்த அன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. திடல் பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருந்ததால் ஒலிபெருக்கி ஆய்வகத்துக்குள் நன்றாகவே கேட்டது. தந்தி சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பெண்களுக்கான எண்ணூறு மீட்டர் என்றார்கள். ஓட்டத்துக்கு முன் சாதனையையும் சாதனையாளர் பெயரையும் வாசிப்பது விதி. தடையில் இருப்பவரின் பெயரை வாசிக்கக் கூடாது என்பதும் விதி. “சாதனை, இரண்டு நிமிடம் 12.4 விநாடி. சாதனையாளர்…” என்று குரல் நின்றது. தாள் புரளும் சத்தம் கேட்டது. “சாதனையாளர் எவரும் இல்லை” என்றது.

பக்கத்து மேசைத் தோழி அவளைத் திரும்பிப் பார்த்தாள். தந்தி குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

துப்பாக்கி வெடித்தது. ஆய்வகச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அவள் அதன் சிவப்பு விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஆசிரியை வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை டீச்சர், கரைசல் நிறம் மாறக் காத்திருக்கிறேன் என்றாள். முள் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. பிறகு பத்து விநாடி, பதினொன்று, பன்னிரண்டு. அவள் மூச்சை வெளியே விட்டாள்.

திடலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் கேட்க மேலும் பதினான்கு விநாடி ஆயிற்று. அதுவரை அவள் காத்திருந்தாள்.